மேட்பிளாட்லிப் படுத்தும் பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைத்தானில் மேட்பிளாட்லிப் நூலகத்தைக் கொண்டு வரைபடம் போட ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைப் பெயர்களைச் சொல்வழக்கில் எழுதியிருக்கிறேன். நிரலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள். ‘பிஎல்டி’ என்று வரும் இடமெல்லாம் மேட்பிளாட்லிப்பின் பைப்ளாட் என்ற பகுதியைக் குறிக்கும்.

இன்ஸ்டால் பண்ணிட்டேன், ஆனா மாட்யூலே இல்லைன்னு சொல்லுதே?

உங்கள் கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பைத்தான் இருக்கிறது என்பதுதான் வழக்கமான காரணம். நூலகங்களை நிறுவும் கருவியான பிப் ஒரு பைத்தானில் கொண்டுபோய் வைத்திருக்கும், நிரல் வேறொன்றில் ஓடும். நிரலின் முதல் வரியில் சிஸ்.எக்ஸிக்யூட்டபிளை பிரிண்ட் செய்து பாருங்கள், எந்தப் பைத்தான் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் மேட்பிளாட்லிப்’ என்று அந்தப் பைத்தானைக் கொண்டே நிறுவினால் குழப்பம் வராது. ஜூபிட்டர் நோட்புக்காக இருந்தால், ஒரு செல்லில் சதவீதக் குறி போட்டு ‘%பிப் இன்ஸ்டால் மேட்பிளாட்லிப்’ என்று கொடுங்கள்.

‘மேட்பிளாட்லிப் ஒரு பேக்கேஜ் அல்ல’ என்று பிழை வந்தால் சங்கதி வேறு. உங்கள் கோப்புக்கே மேட்பிளாட்லிப்.பிஒய் என்று பெயர் வைத்திருப்பீர்கள். பைத்தான் நூலகத்தைத் தேடாமல் உங்கள் கோப்பையே எடுத்துக்கொள்கிறது. பெயரை மாற்றினால் போதும்.

ரன் பண்ணினா எர்ரரும் இல்லை, படமும் இல்லை. என்ன நடக்குது?

ஜூபிட்டரில் பழகிவிட்டு டெர்மினலுக்கு வருபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி. நோட்புக், செல் முடிந்ததும் படத்தைத் தானாகவே காட்டிவிடும். தனி ஸ்கிரிப்டில் அப்படிக் கிடையாது, கடைசியில் பிஎல்டி.ஷோ என்று நீங்கள்தான் கூப்பிட வேண்டும். ஜன்னலை மூடும் வரை நிரல் அந்த வரியிலேயே நிற்கும். அதைத் தொங்கிப்போனதாக நினைக்க வேண்டாம்.

படம் ஒரு கணம் மின்னிவிட்டு மறைந்தால் எங்கோ பிஎல்டி.அயான் போட்டு இன்டராக்டிவ் முறையை இயக்கியிருக்கிறீர்கள். அந்த முறையில் ஷோ காத்திருக்காது. நிரல் முடிந்ததும் ஜன்னலும் போய்விடும்.

ஷோ போட்டாச்சு. “ஃபிகர்கேன்வாஸ்ஆக் நான்-இன்டராக்டிவ், காட்ட முடியாது”ன்னு ஒரு எச்சரிக்கை வருது.

மேட்பிளாட்லிப் தானே ஜன்னல் திறப்பதில்லை. அந்த வேலையை பேக்எண்ட் என்ற ஒரு அடுக்கிடம் கொடுத்திருக்கிறது. டிகே, க்யூடி போன்ற பேக்எண்டுகள் ஜன்னல் திறக்கும். ஆக் என்பது கோப்பில் மட்டும் வரையும். ஜன்னல் திறக்க எதுவும் கிடைக்காதபோது நூலகம் சத்தமில்லாமல் ஆக்குக்கு இறங்கிவிடுகிறது. மேட்பிளாட்லிப்.கெட்_பேக்எண்ட் என்று கேட்டால் இப்போது எதில் இருக்கிறீர்கள் என்று சொல்லும்.

சொந்தக் கணினியில் இது வந்தால் பைக்யூடி6 நிறுவுங்கள், அல்லது லினக்ஸில் பைத்தானுக்கான டிகே பொதியைப் போடுங்கள். திரையே இல்லாத சர்வரில் வந்தால் இது பிரச்சினையே அல்ல. ஷோவை எடுத்துவிட்டு சேவ்ஃபிக் கொண்டு கோப்பாகச் சேமியுங்கள்.

சேமிச்ச ஃபைலைத் திறந்தா வெறும் வெள்ளையா இருக்கு!

ஷோவுக்குப் பிறகு சேவ்ஃபிக் எழுதியிருக்கிறீர்கள். ஜன்னலை மூடியதும் பைப்ளாட் அந்தப் படத்தைக் கைகழுவிவிடும். அடுத்து பிஎல்டி.சேவ்ஃபிக் என்றதும் ‘நடப்புப் படம்’ எதுவும் இல்லாததால் புதிதாக ஒரு காலிப் படத்தை உருவாக்கி, அதை ஒழுங்காகச் சேமித்துக் கொடுக்கிறது. நோட்புக்கில் ஒரு செல்லில் வரைந்து அடுத்த செல்லில் சேமித்தாலும் இதே கதைதான்.

வரிசையை மாற்றி, முதலில் சேமித்துவிட்டு அப்புறம் காட்டினால் சரியாகிவிடும். ஆனால் இதைவிட நல்ல வழி படத்துக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வது. ‘ஃபிக், ஆக்ஸ் = பிஎல்டி.சப்ப்ளாட்ஸ்()’ என்று தொடங்கி (ஃபிக் முழுப் படம், ஆக்ஸ் அதனுள் வரையும் கட்டம்), கடைசியில் ஃபிக்.சேவ்ஃபிக் என்று சொன்னால் எந்தப் படம் என்பதில் ஐயமே இருக்காது.

ஒருத்தர் பிஎல்டி.டைட்டில்னு எழுதறார், இன்னொருத்தர் ஆக்ஸ்.செட்_டைட்டில்னு எழுதறார். எது சரி?

இரண்டும் ஓடும். ஆனால் இரண்டாவதையே பழகுங்கள் என்பேன். இந்த நூலகத்தை உருவாக்கிய ஜான் ஹன்டர் நரம்பியல் ஆய்வாளர். மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளைப் பழகியவர்களுக்கு வசதியாக, அதே பாணிக் கட்டளைகளோடு 2003இல் இதை வெளியிட்டார். பிஎல்டி என்று தொடங்கும் கட்டளைகள் அந்த வழியில் வந்தவை. ‘இப்போது கையில் இருக்கும் படம் எதுவோ, அதில் செய்’ என்பதுதான் அவற்றின் பொருள்.

ஒரே ஒரு படம் இருக்கும் வரை இது சுகம். நான்கு கட்டங்கள் போட்டதும், தலைப்பு கடைசிக் கட்டத்தில் போய் உட்காரும். முதல் கட்டத்துக்குச் சொன்ன எல்லை வேறெங்கோ விழும். ஆக்ஸ் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இந்தத் தொல்லை கிடையாது. மாறும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: பிஎல்டி.எக்ஸ்லேபிள் என்பது ஆக்ஸ்.செட்_எக்ஸ்லேபிள் ஆகும், பிஎல்டி.எக்ஸ்லிம் என்பது ஆக்ஸ்.செட்_எக்ஸ்லிம் ஆகும். ‘செட்’ இல்லாமல் எழுதிவிட்டு “ஆக்ஸஸுக்கு அப்படி ஒரு ஆட்ரிபியூட் இல்லை” என்று திட்டு வாங்குபவர்கள் ஏராளம்.

சப்ப்ளாட்ஸ்ல 2, 2 கொடுத்தேன். “என்டிஅரேவுக்கு பிளாட் இல்லை”ங்குது.

இப்போது ஆக்ஸ் என்பது ஒரே கட்டம் அல்ல, நான்கு கட்டங்கள் அடங்கிய அரே, அதாவது அடுக்கு. ஆக்ஸ்[0, 1].பிளாட் என்று எந்தக் கட்டம் என்பதைச் சொல்லுங்கள். வரிசையாகச் சுற்றி வர ஆக்ஸ்.ஃபிளாட் போதும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. 1, 3 என்று கொடுத்தால் ஒற்றைப் பரிமாண அரே வரும், 1, 1 என்றால் அரேயே வராது. எண்ணிக்கையை மாறியாக வைத்து எழுதும் நிரல் இங்கேதான் உடையும். ஸ்க்வீஸ்=ஃபால்ஸ் என்று சேர்த்தால் எப்போதும் இரட்டைப் பரிமாண அரேயே கிடைக்கும்.

லெஜண்ட் வரவே மாட்டேங்குது.

லெஜண்ட் என்பது எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று காட்டும் பெட்டி. அது வர, பிளாட் செய்யும்போதே லேபிள் கொடுத்திருக்க வேண்டும். எல்லாக் கோடுகளையும் வரைந்த பிறகு ஆக்ஸ்.லெஜண்ட் கூப்பிட வேண்டும். லேபிள் அடிக்கோட்டில் (_) தொடங்கினால் லெஜண்ட் அதைக் கண்டுகொள்ளாது. நெடுவரிசைப் பெயரையே லேபிளாகக் கொடுக்கும்போது இது சில சமயம் காலை வாரும்.

லேபிள் பாதி வெட்டுப்படுது, வெளியே வெச்ச லெஜண்ட் காணவே காணோம்.

சப்ப்ளாட்ஸ் அழைக்கும்போதே லேஅவுட்=‘கன்ஸ்ட்ரெயின்ட்’ என்று கொடுங்கள். லேபிள், தலைப்பு, கலர்பார், லெஜண்ட் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கிக் கட்டங்களை அதற்கேற்பச் சுருக்கிக்கொள்ளும். பழைய டைட்_லேஅவுட்டைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

சேவ்ஃபிக்கில் பிபாக்ஸ்_இன்ச்சஸ்=‘டைட்’ கொடுப்பது இன்னொரு வழி. ஆனால் அது படத்தின் அளவையே மாற்றிவிடும். இத்தனை அங்குலம் என்று கண்டிப்பான அளவு கேட்கும் இதழுக்கோ வார்ப்புருவுக்கோ அனுப்புவதாக இருந்தால் அதைத் தவிருங்கள்.

திரையில நல்லா இருக்கு, ரிப்போர்ட்ல ஒட்டினா மங்கலா இருக்கு.

எதுவும் சொல்லாவிட்டால் படம் 6.4 × 4.8 அங்குலம், அங்குலத்துக்கு 100 புள்ளி. அதாவது வெறும் 640 × 480 பிக்சல். சேவ்ஃபிக்கில் டிபிஐ=300 கொடுத்தால் 1920 × 1440 ஆகிவிடும், அச்சுக்குத் தாங்கும்.

பலர் டிபிஐயை விட்டுவிட்டு ஃபிக்சைஸை 20 × 15 என்று ஏற்றுகிறார்கள். எழுத்தின் அளவு பாயிண்ட் கணக்கில் இருப்பதால், அவ்வளவு பெரிய படத்தைப் பக்கத்துக்குள் சுருக்கும்போது எழுத்து எறும்பாகிவிடும். தாளில் எவ்வளவு அகலம் வேண்டுமோ அதையே ஃபிக்சைஸாக வையுங்கள், கூர்மையை டிபிஐயிடம் விடுங்கள். பிடிஎஃப் அல்லது எஸ்விஜி ஆகச் சேமித்தால் மங்கல் என்ற பேச்சே இல்லை. ஆனால் லட்சக்கணக்கான புள்ளிகள் உள்ள ஸ்கேட்டர் படம் அந்த வடிவங்களில் திறக்கவே திணறும். அந்தப் புள்ளிகளுக்கு மட்டும் ராஸ்டரைஸ்டு=ட்ரூ கொடுங்கள்.

எக்ஸ் அச்சுல தேதியெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கறுப்புப் பட்டை மாதிரி ஆயிடுது. சாய்ச்சுப் பார்த்தும் சரியாகலை.

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். உங்களிடம் இருப்பது தேதி அல்ல, தேதி மாதிரி தெரியும் ஸ்ட்ரிங். சிஎஸ்வி கோப்பை, அட்டவணைகளைக் கையாளும் நூலகமான பாண்டாஸ் படிக்கும்போது, நீங்கள் சொல்லாத வரை தேதி நெடுவரிசை எழுத்தாகவே வரும். எழுத்தைப் பார்த்தால் மேட்பிளாட்லிப் அதை ‘வகை’ என்று எடுத்துக்கொள்கிறது: முதலில் வந்ததை 0ஆம் இடத்தில் வைக்கிறது, அடுத்ததை 1இல், அதற்கடுத்ததை 2இல். ஒவ்வொரு வகைக்கும் ஒரு லேபிள் கட்டாயம் எழுதும். ஓராண்டுத் தரவு என்றால் 365 லேபிள். 45 டிகிரி சாய்த்தாலும் 90 டிகிரி நிமிர்த்தினாலும் அத்தனையும் அடங்கப்போவதில்லை.

லேபிள் நெரிசலாவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத கேடு ஒன்றும் கூடவே நடக்கிறது. மார்ச்சில் பத்து நாள் அளவீடு இல்லை என்று வையுங்கள். உண்மையான தேதி அச்சில் அந்த இடத்தில் கோடு நீண்ட இடைவெளியைத் தாண்டும். வகை அச்சிலோ 4ஆம் தேதியும் 15ஆம் தேதியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். படம் அழகாகத்தான் இருக்கும், சொல்வது தப்பாக இருக்கும்.

டிஎஃப் என்பது பாண்டாஸ் படித்துக் கொடுத்த அட்டவணை, பிடி என்பது பாண்டாஸ். டிஎஃப்.டிடைப்ஸ் பிரிண்ட் செய்து பாருங்கள். ‘டேட்டைம்64’ என்று இல்லாமல் ‘ஆப்ஜெக்ட்’ என்றோ ‘ஸ்ட்ரிங்’ என்றோ இருந்தால் பிடி.டூ_டேட்டைம் போட்டு மாற்றுங்கள். நாள் முதலில் வரும் தேதிகளுக்கு டேஃபர்ஸ்ட்=ட்ரூ சேர்க்க மறக்காதீர்கள்; இல்லாவிட்டால் 03-04 என்பதை மார்ச் 4 என்று படித்துவிடும். மாற்றிய பிறகு அச்சு தானே நாலைந்து இடங்களில் மட்டும் லேபிள் போடும். இன்னும் கச்சிதமாக வேண்டுமானால், தேதி லேபிள்களைச் சுருக்கி எழுதும் கன்சைஸ்டேட்ஃபார்மேட்டரை வையுங்கள்.

ஒய் அச்சுல 12, 7, 150, 9ன்னு வரிசை தாறுமாறா இருக்கு. நூலகத்துல பக் இருக்கா?

இல்லை. மேலே தேதிக்குச் சொன்ன அதே நோய், இங்கே எண்களுக்கு வந்திருக்கிறது. எண்கள் ஸ்ட்ரிங்காக இருப்பதால் கோப்பில் வந்த வரிசையிலேயே அச்சில் ஏறியிருக்கின்றன. ஒரு நெடுவரிசையில் ஒரே ஒரு இடத்தில் ‘1,200’ என்று காற்புள்ளியோ, ‘இல்லை’ என்ற சொல்லோ இருந்தால் போதும், பாண்டாஸ் முழு நெடுவரிசையையும் எழுத்தாக்கிவிடும். ரீட்_சிஎஸ்வியில் தவுசண்ட்ஸ்=‘,’ கொடுங்கள். மற்றதற்கு பிடி.டூ_நியூமெரிக்கில் எரர்ஸ்=‘கோயர்ஸ்’ கொடுத்தால் எண்ணாக மாறாதவை வெற்றிடமாகும். எத்தனை வெற்றிடம் ஆயின என்று எண்ணிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

தேதியைச் சரியா மாத்திட்டேன். இப்போ கோடு முன்னாடி போய், பின்னாடி வந்து, கிறுக்கின மாதிரி இருக்கு.

பிளாட் உங்கள் புள்ளிகளை வரிசைப்படுத்தாது. கொடுத்த வரிசையில் இணைத்துக்கொண்டே போகும். சார்ட்_வேல்யூஸ் கொண்டு எக்ஸ் நெடுவரிசைப்படி அடுக்கிவிட்டு வரையுங்கள்.

அடுக்கிய பிறகும் கோடு மேலும் கீழும் ரம்பம் போலக் குதித்தால், ஒரே தேதிக்குப் பல வரிகள் இருக்கின்றன என்று பொருள். பல கருவிகளின் அளவீடு ஒரே நெடுவரிசையில் கலந்திருக்கும். குரூப்பை போட்டுப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிக் கோடாக வரையுங்கள்.

மாசக் கணக்கு பார் சார்ட் போட்டேன். பார் எல்லாம் ஊசி மாதிரி இருக்கு.

தேதியை மேட்பிளாட்லிப் உள்ளுக்குள் நாள் கணக்கில்தான் வைத்திருக்கிறது, 1970 ஜனவரி 1 தொடங்கி எத்தனை நாள் என்று. பாரின் அகலம் எதுவும் சொல்லாவிட்டால் 0.8. தேதி அச்சில் அது 0.8 நாள். மாதத்துக்கு ஒரு பார் என்றால் முப்பது நாள் இடத்தில் ஒரு நாள்கூட நிறையாத பார், ஊசியாகத்தான் தெரியும். வித்=25 என்று கொடுங்கள். மணிக்கணக்குத் தரவில் இதற்கு நேர்மாறாக நடக்கும்: பார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே சுவராகிவிடும். அங்கே 0.8ஐ 24ஆல் வகுத்துக் கொடுங்கள்.

பார் மாதத்தின் முதல் நாளை நடுவாகக் கொண்டு நிற்பதால், பாதி முந்தைய மாதத்துக்குள் போய்விடும். அலைன்=‘எட்ஜ்’ கொடுத்தால் முதல் நாளிலிருந்து தொடங்கும். இத்தனையும் வேண்டாம், பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு பார்தான் தேவை என்றால் மாதப் பெயரையே ஸ்ட்ரிங்காகக் கொடுத்துவிடுங்கள். வகை அச்சு உண்மையிலேயே பொருந்தும் இடம் இதுதான்.

அச்சோட மூலையில “1இ6”ன்னு ஏதோ எழுதியிருக்கு. அது என்ன?

பத்து லட்சத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள் என்று பொருள். கூட்டல் குறியோடு ஒரு எண் இருந்தால், அதை ஒவ்வொரு லேபிளோடும் கூட்ட வேண்டும். வாசிப்பவருக்கு இது புரியாது என்று நினைத்தால் ஆக்ஸ்.டிக்லேபிள்_ஃபார்மட்டில் ஸ்டைல்=‘ப்ளெயின்’, யூஸ்ஆஃப்செட்=ஃபால்ஸ் இரண்டையும் கொடுங்கள்.

இம்ஷோல போட்டோ நிறம் மாறி நீலமா வருது. மேட்ரிக்ஸ் போட்டா தலைகீழா வருது.

ஓபன்சிவி என்ற பட நூலகம் கொண்டு படித்த படம் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் இருக்கும். இம்ஷோ சிவப்பை முதலில் எதிர்பார்க்கிறது. கடைசிப் பரிமாணத்தைத் திருப்பிப் போட்டால் முகம் பழைய நிறத்துக்கு வரும். தலைகீழ் விஷயம் இப்படி: இம்ஷோ முதல் வரியை மேலே வைக்கும், புகைப்படத்துக்கு அதுதான் சரி. வரைபடக் கட்டம், உயரத் தரவு போன்றவற்றுக்கு ஆரிஜின்=‘லோயர்’ தேவை.

ஒற்றைச் சேனல் படத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். இருக்கும் தரவின் மிகக் குறைந்த மதிப்பு முதல் மிக அதிக மதிப்பு வரை நிறங்களை இழுத்துவிடும். இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது நிறங்களின் கீழ், மேல் எல்லைகளான விமின், விமேக்ஸ் இரண்டையும் இரு படங்களுக்கும் ஒரே மதிப்பாக வைக்காவிட்டால், மங்கலான படமும் பளிச்சென்ற படமும் ஒரே மாதிரி தெரியும். முடிவே மாறிவிடக்கூடிய விஷயம் இது.

லூப்ல நிறைய படம் சேமிக்கிறேன். போகப் போக மெஷின் மூச்சு வாங்குது.

இருபதுக்கு மேல் படம் திறந்ததும் ஒரு எச்சரிக்கை வந்திருக்குமே? அதை அணைக்காதீர்கள். பைப்ளாட் வழியாக உருவாக்கிய ஒவ்வொரு படத்தையும், நீங்கள் மூடும் வரை அது பிடித்து வைத்திருக்கும். சேமித்த உடனே பிஎல்டி.குளோஸ்(ஃபிக்) எழுதுங்கள்.

வலைச் செயலிக்குள் படம் தயாரிப்பவர்கள் பைப்ளாட்டையே தொடாமல் இருப்பது நல்லது. மேட்பிளாட்லிப்.ஃபிகரில் உள்ள ஃபிகர் என்ற கிளாஸை நேரடியாக உருவாக்கி, ஃபிக்.சப்ப்ளாட்ஸ், ஃபிக்.சேவ்ஃபிக் என்று போகலாம். யாரும் பிடித்து வைப்பதில்லை, நினைவகம் தானே விடுபடும். ஒரே நேரத்தில் வரும் இரண்டு கோரிக்கைகள் ‘நடப்புப் படம்’ எது என்று குழம்பி ஒன்றின் கோட்டை மற்றதில் வரையும் ஆபத்தும் இல்லை.

பழைய ப்ராஜெக்ட்டைத் தூசி தட்டினேன். “சீபார்ன்” ஸ்டைல் இல்லைங்குது, கெட்_சிமேப் இல்லைங்குது.

சீபார்ன் ஸ்டைல்களின் பெயர் 3.6 பதிப்பில் ‘சீபார்ன்-வி0_8’ என்று மாற்றப்பட்டது. கொஞ்ச காலம் கழித்துப் பழைய பெயரை நீக்கிவிட்டார்கள். நிறத்தட்டு வேண்டுமானால் இப்போது மேட்பிளாட்லிப்.கலர்மேப்ஸ்[‘விரிடிஸ்’] என்று எடுக்க வேண்டும். நிரல் ஓடினாலும் பழைய படம் போலவே இல்லை என்றால், 2017இல் வந்த 2.0 பதிப்பு இயல்பு நிறங்களையும் எழுத்துருவையும் மாற்றியதை நினைவில் வையுங்கள். ஸ்டைல்.யூஸ்(‘கிளாசிக்’) பழைய தோற்றத்தைத் தரும்.

தலைப்பைத் தமிழ்ல வெச்சா பெட்டி பெட்டியா வருது. ஃபான்ட் மாத்தினா கொம்பு இடம் மாறுது.

இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். பெட்டி வருவது இயல்பு எழுத்துருவான டெஜாவூ சான்ஸில் தமிழ் எழுத்துகள் இல்லாததால். ‘கிளிஃப் 2980 இல்லை’ என்ற மாதிரி எச்சரிக்கை வரும். 2980 என்பது ‘த’வின் எண். மேட்பிளாட்லிப்பின் இயல்பு அமைப்புகள் இருக்கும் ஆர்சிபேராம்ஸில் ஃபான்ட்.ஃபேமிலிக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், டெஜாவூ சான்ஸ் என்று இரண்டையும் லிஸ்டாகக் கொடுங்கள். 3.6 முதல், முதல் எழுத்துருவில் இல்லாத எழுத்தை அடுத்ததில் தேடும். கணினியில் நிறுவாத எழுத்துருக் கோப்பாக இருந்தால் ஃபான்ட்மேனேஜரின் ஆட்ஃபான்ட்டுக்குக் கோப்பின் பாதையைக் கொடுத்துவிடுங்கள்.

கொம்பு இடம் மாறுவது எழுத்துருவின் குற்றம் அல்ல. ‘வெப்பநிலை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கணினி அதை வ, அப்புறம் ஒற்றைக்கொம்பு, அப்புறம் ப என்ற வரிசையில் சேமிக்கிறது. கொம்பை வகரத்துக்கு இடப்பக்கம் நகர்த்துவது வரையும் மென்பொருளின் பொறுப்பு. பரவலாகப் புழங்கும் பதிப்புகளில் மேட்பிளாட்லிப் அதைச் செய்வதில்லை. வந்த வரிசையில் ஒவ்வொரு வடிவமாக அடுக்கிக்கொண்டே போகிறது. அதனால் கொம்பு அடுத்த பகரத்தோடு ஒட்டி நிற்கிறது, கடைசி ஐகாரக் குறி லகரத்துக்குப் பின்னால் அநாதையாக விழுகிறது.

எனக்குப் பிடித்த தீர்வு எஸ்விஜி. ஆர்சிபேராம்ஸில் எஸ்விஜி.ஃபான்ட்டைப் என்பதை ‘நன்’ ஆக்கிவிட்டு எஸ்விஜியாகச் சேமித்தால், எழுத்து எழுத்தாகவே கோப்பில் போகும். அதைத் திறக்கும் பிரவுசருக்குத் தமிழ் தெரியும், கொம்பைச் சரியான இடத்தில் வைத்துவிடும். பார்ப்பவரின் கணினியில் தமிழ் எழுத்துரு இருந்தால் போதும். பிஎன்ஜியாகவே வேண்டும் என்பவர்கள் எம்பிஎல்கெய்ரோ என்ற தனி பேக்எண்டைப் பாருங்கள், அது ராக்ம் நூலகத்தின் துணையோடு தமிழைச் சரியாக அடுக்கும். பிழையான தமிழோடு படத்தை வெளியிடாதீர்கள், இவ்வளவு எளிய வழிகள் இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை.

தமிழ் ஃபான்ட் வெச்ச பிறகு அச்சுல மைனஸ் குறி மட்டும் பெட்டியா வருது.

மேட்பிளாட்லிப் அச்சில் விசைப்பலகையின் சிறுகோட்டைப் போடுவதில்லை. கணிதத்துக்கான தனிக் கழித்தல் குறியைப் போடுகிறது. நீங்கள் வைத்த எழுத்துருவில் அது இல்லை. முந்தைய பதிலில் சொன்னபடி டெஜாவூ சான்ஸை இரண்டாவதாகச் சேர்த்திருந்தால் பெட்டி வராது. பழைய பதிப்பில் இருக்கிறீர்கள் என்றால் ஆக்ஸஸ்.யூனிகோட்_மைனஸை ஃபால்ஸ் ஆக்குங்கள், சாதாரணச் சிறுகோடு வந்துவிடும்.